சைக்கிள் சுமக்கும் கார் – கொக்கி எவ்வளவு தாங்கும்?



சைக்கிள் கேரியரில் நாம் மூட்டை ஏற்றுவோம். தம்பி தங்கையை ஏற்றுவோம். சில நேரம் ரெண்டு பேரையும் சேர்த்தே ஏற்றிவிடுவோம்! ஆனா, சைக்கிளையே ஏற்றிக்கொண்டு போகிற காரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

ஜெர்மனி, நெதர்லாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் லீவு விட்டால் பல குடும்பங்கள் சைக்கிளையும் கூடவே எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். காரின் பின்பக்கம் ஒரு கொக்கி இருக்கும். அதில் ஒரு தாங்கியை மாட்டி, அதன் மேல் இரண்டு மூன்று சைக்கிள்களை நிறுத்திக் கட்டிவிடுவார்கள்.

இப்போது அங்கே மின்சாரக் கார்கள் பெருகிவிட்டன. சைக்கிள்களும் பேட்டரி சைக்கிள்களாக மாறி வருகின்றன. சிக்கல் இங்கேதான் ஆரம்பம். அந்தக் கொக்கி எத்தனை கிலோ தாங்கும்? மீறினால் என்ன ஆகும்? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

கொக்கிக்கு இரண்டு எண்கள்

டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டுகிற இடத்தை எல்லோரும் பார்த்திருப்போம். கார்க் கொக்கியும் அதே வேலைக்காக வந்ததுதான். ஐரோப்பாவில் அதன் நுனியில் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்பு உருண்டை இருக்கும். அமெரிக்காவில் சதுரக் குழாய் இருக்கும். தாங்கியின் கம்பியை அதற்குள் செருகி மாட்டுவார்கள்.

இந்தக் கொக்கிக்கு இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று, எவ்வளவு எடையுள்ள டிரெய்லரை இழுக்கலாம் என்பது. இன்னொன்று, கொக்கியை மேலிருந்து கீழாக எவ்வளவு எடை அழுத்தலாம் என்பது. முதல் எண் பெரிசு. ஆயிரம் கிலோவுக்கு மேலும் இருக்கும். இரண்டாவது எண் ரொம்பச் சின்னது. சைக்கிள் தாங்கிக்குப் பார்க்க வேண்டியது இந்தச் சின்ன எண்ணைத்தான். பெரிய எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

ஒரு உதாரணம். ஃபோக்ஸ்வாகன் கம்பெனியின் ஐடி.3 என்ற மின்சாரக் கார் 2020-இல் விற்பனைக்கு வந்தது. அதில் டிரெய்லர் இழுக்கவே அனுமதி இல்லை. ஆனால் சைக்கிள் தாங்கிக்கு மட்டும் ஒரு கொக்கி உண்டு. அதன் எல்லை 75 கிலோ.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

75 கிலோ என்றதும், "சைக்கிள்தானே, தாராளமா வைக்கலாம்" என்று தோன்றும். சாதாரண சைக்கிள் 10 முதல் 15 கிலோ வரை இருக்கும். ஆனால் பேட்டரி சைக்கிள் ஒன்று சுமார் 25 கிலோ. தாங்கிக்கும் எடை உண்டு, மறந்துவிடாதீர்கள்! அது 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டு பேட்டரி சைக்கிள்: 25 + 25 + 18 = 68 கிலோ. சரி, போகலாம்.
மூன்று பேட்டரி சைக்கிள்: 25 + 25 + 25 + 18 = 93 கிலோ. கூடாது!

எல்லை 18 கிலோ மீறிவிட்டது. தாங்கியின் எடையைச் சேர்க்காமல் கணக்குப் போட்டவர், "மூன்று சைக்கிள் 75 கிலோ, சரியாக இருக்கிறது" என்று நினைத்துக் கிளம்பிவிடுவார். தப்பு அங்கேதான் நடக்கிறது.

எடை மட்டும் இல்லை, தூரமும் உண்டு

தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனை வரை நடக்கலாம். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடியுங்கள் பார்ப்போம்! ஒரு நிமிஷம்கூட முடியாது. குடமும் அதேதான், தண்ணீரும் அதேதான். உடம்பை விட்டு விலகிய தூரம்தான் கூடிவிட்டது. எடையையும் தூரத்தையும் பெருக்கினால் கிடைப்பதை அறிவியலில் திருப்புத்திறன் என்று சொல்வார்கள்.

கொக்கிக்கும் அப்படித்தான். முதல் சைக்கிள் கொக்கியிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது, இரண்டாவது 50, மூன்றாவது 70 என்று வைத்துக்கொள்வோம். தாங்கியின் எடை 30 சென்டிமீட்டரில் இருக்கட்டும்.

முதல் சைக்கிள்: 25 × 30 = 750
இரண்டாவது: 25 × 50 = 1250
தாங்கி: 18 × 30 = 540
மொத்தம்: 2540
மூன்றாவது சைக்கிள் மட்டும்: 25 × 70 = 1750!

மூன்றாவது சைக்கிளை ஏற்றியதும் எடை சுமார் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. ஆனால் கொக்கியை வளைக்கிற திருப்புத்திறன் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் கூடிவிட்டது. கடைசிச் சைக்கிள்தான் அதிகம் இழுத்து வளைக்கிறது.

இதனால்தான் ஒரே கொக்கிக்கு இரண்டு எல்லை போடுகிறார்கள். அமெரிக்காவில் டெஸ்லா மாடல் ஒய் காரின் கையேட்டில், டிரெய்லர் மாட்டினால் கொக்கியின் மேல் 159 கிலோ வரை அழுத்தலாம் என்று இருக்கும். சைக்கிள் தாங்கி என்றால் 72 கிலோதான். பாதிக்கும் குறைவு! ஏன்? டிரெய்லருக்குச் சொந்தச் சக்கரம் உண்டு, அதன் எடையில் பெரும்பங்கைச் சக்கரமே சுமந்துகொள்ளும். தாங்கிக்குச் சக்கரம் ஏது? முழு எடையும் பின்னால் தொங்கி, பள்ளம் மேட்டில் குதித்துக்கொண்டே வரும்.

மீறினால் உடனே முறியுமா?

உடனே முறியாது. அதுதான் ஆபத்து! ஒரு கம்பியை எடுத்து மடக்கி நிமிர்த்துங்கள். முதல் தடவை ஒன்றும் ஆகாது. மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒரு தடவை 'டக்'கென்று ஒடியும். கொக்கியும் ஒவ்வொரு குலுங்கலிலும் கொஞ்சம் வளைந்து நிமிர்கிறது. சுமை மீறினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். "போன லீவுக்கு மூன்று சைக்கிள் கொண்டுபோனோமே, ஒன்றும் ஆகலையே" என்று சொல்ல முடியாது.

வேகமாகப் போகிற சாலையில் தாங்கி கழன்று விழுந்தால், முன்னால் இருக்கிற கார்க்காரருக்கு நஷ்டம் சைக்கிளோடு போகும். பின்னால் வருகிறவருக்கு உயிரே போகலாம். அவர் அந்தக் கையேட்டைப் பார்த்தவரும் இல்லை, சைக்கிளை ஏற்றியவரும் இல்லை.

மின்சாரக் காரில் ஏன் கூடுதல் கவனம்?

1. பல மின்சாரக் கார்களில் பேட்டரி மட்டுமே 300 கிலோவுக்கு மேல் இருக்கும். ஆட்கள், பெட்டி, கொக்கிச் சுமை எல்லாம் சேர்ந்து காரின் மொத்த எடை எல்லைக்குள் இருக்க வேண்டும். கொக்கி தாங்கினாலும் கார் தாங்க வேண்டுமே!

2. சைக்கிளைக் கூரையில் ஏற்றினால் காற்று அதிகமாகத் தடுக்கும், சார்ஜ் சீக்கிரம் குறையும். பின்னால் மாட்டினால் காரே கொஞ்சம் காற்றை மறைத்துக்கொள்ளும். அதனால் மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்குப் பின்பக்கத் தாங்கிதான் வசதி.

3. எல்லா மின்சாரக் காருக்கும் கம்பெனி கொக்கி கொடுப்பதில்லை. கொடுக்காத காரில் வெளியே எதையாவது வாங்கி மாட்டினால், அந்த இடம் சுமை தாங்கும்படி செய்யப்பட்டதா என்று தெரியாது.

எந்த எண்ணை நம்புவது?

கார் கையேட்டில் ஒரு எண், கொக்கியில் ஒரு எண், தாங்கியில் ஒரு எண் இருக்கும். கொக்கியில் 90 என்றும் காரில் 75 என்றும் இருந்தால் 75தான் கணக்கு. எப்போதும் சின்ன எண்ணே ஜெயிக்கும்! தாங்கியில் எழுதியிருப்பது பெரும்பாலும் சைக்கிள்களுக்கான எல்லை. அதோடு, ஒரு சைக்கிள் இத்தனை கிலோ வரைதான் என்றும் இருக்கும். இரண்டையும் பார்க்க வேண்டும்.

வழி இருக்கிறது

* பேட்டரியைக் கழற்றிக் காருக்குள் வைத்தால் ஒரு சைக்கிளுக்கு சுமார் 3 கிலோ குறையும்.
* கனமான சைக்கிளைக் காருக்கு அருகிலும், லேசானதைக் கடைசியிலும் வைக்க வேண்டும்.
* பேட்டரி கழற்றிய இரண்டு சைக்கிள் 44 கிலோ, சின்னப் பிள்ளையின் சைக்கிள் 10 கிலோ, மூன்று சைக்கிள் தாங்கி 20 கிலோ. மொத்தம் 74. தப்பித்தோம்!
* தாங்கி நம்பர் பிளேட்டையும் பின்விளக்கையும் மறைத்துவிடும். அதனால் ஜெர்மனியில் தாங்கியிலேயே இன்னொரு நம்பர் பிளேட்டும் விளக்கும் வைக்க வேண்டும்.

மயிலிறகேயானாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் எச்சரிக்கிறார். அவர் காலத்தில் மின்சாரக் காரும் இல்லை, பேட்டரி சைக்கிளும் இல்லை. ஆனா கணக்கு அதேதான். ஏற்றுகிற பொருள் லேசா கனமா என்று மட்டும் பார்க்காமல், தாங்குகிற இடத்தின் வலிமையையும் பார்த்து ஏற்றுவோம்!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி