சொடக்கு பால்

கோடையில் ஏரி வற்றிவிட்டால் ஐயங்கார்குளம் பக்கத்துப் பையன்களுக்கு மைதானம் தயார். ஒரு டென்னிஸ் பந்து, ஒரு மட்டை, மூன்று குச்சி போதும். அம்பயர் கிடையாது; ஆனால் ஆட்டத்துக்கென்று தனி பாஷையே உண்டு. மட்டையை வைத்துச் சும்மா தடுத்தால் 'டொக்கு'. ஆள் குறையும்போது இரண்டு அணிக்கும் ஆடுகிறவன் 'ஜோக்கர்'. பந்தை வீசாமல் எறிந்தால் 'மாங்கா'.

கல்லெறிந்து மாங்காய் அடிக்கும்போது மடங்கிய முழங்கை படக்கென்று நிமிரும். சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் பார்ப்பதும் அதைத்தான். பந்து வீசும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது. அவர்கள் கேமரா வைத்து அளக்கிறார்கள். இங்கே எதிரணி கத்தியே தீர்ப்புச் சொல்லிவிடும்.

தமிழ்நாட்டு டென்னிஸ் பந்து ஆட்டத்தில் புழங்கும் இன்னொரு சொல் 'சொடக்கு பால்'. கட்டைவிரலுக்கும் மடக்கிய நடுவிரலுக்கும் நடுவே பந்தை இடுக்கி, விடும்போது நடுவிரலால் சுண்ட வேண்டும். சாதாரண ஆஃப் ஸ்பின் வலக்கை ஆட்டக்காரரை நோக்கி உள்ளே வரும். இது நேராகப் போகும், அல்லது வெளியே திரும்பும். மணிக்கட்டைப் பார்த்து ஊகிக்கிறவர் ஏமாறுவார், வேலை முழுக்க விரலில் நடப்பதால்.

கிரிக்கெட் பந்து 155.9 முதல் 163 கிராம். டென்னிஸ் பந்து 60 கிராம்கூட இல்லை, உள்ளேயும் காற்றுதான். அதனால் ஒற்றை விரலின் சுண்டலுக்கே நன்றாகச் சுழலும்.

ஆஸ்திரேலியாவின் ஜாக் ஐவர்சன் 1950-51 ஆஷஸ் தொடரிலேயே இதுபோல் நடுவிரலை மடக்கிப் பந்து வீசினார். 2008 ஆசியக் கோப்பை இறுதியாட்டத்தில் இலங்கையின் அஜந்தா மெண்டிஸ் 13 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து இந்தியாவைச் சுருட்டினார். அவர் நடுவிரலால் பந்தைச் சுண்டியது கேரம் காயைச் சுண்டுவது போலிருந்ததால் 'கேரம் பால்' என்ற பெயர் உலகமெங்கும் பரவியது. சென்னையின் ரவிச்சந்திரன் அஸ்வினோ இந்த வித்தையைத் தெருவில் டென்னிஸ் பந்தில்தான் கற்றுக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். 2014 டி20 உலகக் கோப்பை அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவின் ஹஷிம் ஆம்லாவை அவர் போல்டாக்கியது இந்தப் பந்தில்தான்.

முயன்று பார்க்க நினைக்கும் பிள்ளைகள் டென்னிஸ் பந்திலேயே தொடங்கலாம். லெதர் பந்தின் எடைக்கு நடுவிரல் பழக நாளாகும். வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.