எஸ்தர் பாட்டியைப் பார்த்த 36 பேர்

மருத்துவமனைச் சேவைகளை ஒருங்கிணைத்தால் நோயாளிக்கு என்ன லாபம்? டீயைக் குடித்தபடியே கேளுங்கள். ஸ்வீடனின் யோன்ஷோப்பிங் மாகாணத்தில் 1990களின் பிற்பகுதியில் ஒரு பாட்டியின் கதையை எடுத்து அலசினார்கள். எஸ்தர் என்பது அவருக்கு வைத்த பெயர். தனியாக வசிப்பவர், இதயம் பலவீனம். கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே இருந்தார். நர்ஸ் வந்து பார்த்து டாக்டரிடம் அனுப்ப, அவர் ஆம்புலன்ஸில் ஏற்றிவிட, வார்டில் படுக்கை கிடைக்க ஐந்தரை மணி நேரம். அதற்குள் அவரைப் பார்த்தவர்கள் 36 பேர்! எப்போதிலிருந்து மூச்சு வாங்குகிறது, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று திரும்பத் திரும்ப முதலிலிருந்து. பேசவே முடியாதவரிடம்தான் இத்தனை விசாரணை.

யாரும் தன் வேலையில் குறை வைக்கவில்லை என்பதுதான் விஷயம். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும் இடத்தில்தான் பாட்டி திண்டாடினார். மருத்துவமனை, ஆரம்ப சுகாதார மையம், வீட்டுக்கு வந்து கவனிப்பவர்கள் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து, ‘எஸ்தருக்கு எது நல்லது?’ என்று கேட்க ஆரம்பித்தார்கள். நோயாளிகளையே கூப்பிட்டுப் பேசவைத்தார்கள். 1998இல் சுமார் 9,300 ஆக இருந்த உள்நோயாளிச் சேர்க்கை 2003இல் 7,300 ஆனது. நரம்பியல் நிபுணரைப் பார்க்க 2000இல் 85 நாள் காத்திருந்தார்கள். மூன்றே வருஷத்தில் அது 14 நாளாகிவிட்டது.

அதற்காக, ஒருங்கிணைத்தாலே நோயாளிக்குத் திருப்திதான் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தில் 2009இல் 16 இடங்களில் இப்படிச் சோதனை தொடங்கினார்கள். ஊழியர்களுக்கு ஏக சந்தோஷம்: வேலை சுவாரசியமாகிவிட்டது, கவனிப்பும் மேம்பட்டது என்றார்கள். நோயாளிகளோ, விரும்பிய டாக்டரைப் பார்ப்பது முன்பைவிடக் கஷ்டமாகிவிட்டது, முடிவெடுக்கும்போது எங்களைக் கேட்பதும் குறைந்துவிட்டது என்றார்கள்.

எனக்கு இதில் ஆச்சரியமில்லை. ஃபைல் எல்லா மேசைக்கும் போய்விடும். ஆனால் பல வருஷமாகப் பார்த்த டாக்டர் இருந்த இடத்தில் ஒரு ‘குழு’ வந்து நிற்கும். நிர்வாகத்துக்கு அது முன்னேற்றம். நோயாளிக்கோ, ராத்திரி மூச்சு முட்டினால் அந்தக் குழுவில் யாரைக் கூப்பிடுவது என்றே தெரியாது.