கிளிமீனின் பருவங்கள்

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சூழ்ந்துள்ள பவளப் பாறைகளில் வாசம் செய்யும் ஜீவராசிகளுள், கிளியின் அலகை ஒத்த பற்களால் பாறையைச் சுரண்டிப் பாசியை உண்ணும் கிளிமீனின் வாழ்க்கை மிக விசித்திரமானது. திறந்த நீரில் விடப்படும் முட்டைகளிலிருந்து பிறக்கும் நுண்ணிய குஞ்சுகள், சில வாரங்கள் நீரோட்டத்தின் போக்கில் மிதந்து திரிந்த பின்னர், கடற்புல் வெளிகளிலும் பவளச் சிதறல்களின் இடுக்குகளிலும் அடைக்கலம் புகுந்து, மங்கிய நிறத்துடன் வளர்கின்றன.

பல இனங்களில், பெண்ணாகப் பருவமெய்தி முட்டையிட்ட மீனே, பிற்காலத்தில் ஆணாக மாறி, பச்சையும் நீலமும் இளஞ்சிவப்பும் கலந்த வர்ண சோபையைப் பெறுகிறது. சில இனங்கள் இராக்காலத்தில் தாமே சுரக்கும் கோழையால் மெல்லிய உறையொன்றை அமைத்து, ஒட்டுண்ணிகளின் உபத்திரவமின்றி அதனுள் உறங்குகின்றன.

பாசியோடு உட்செல்லும் பவளச் சுண்ணாம்பைத் தொண்டைப் பற்கள் அரைக்க, அது வெண்மணலாக வெளியேறுகிறது. பாசி நீங்கிய பாறையிலோ இளம் பவளங்கள் பற்றி வளர இடம் பிறக்கிறது. ஆகவே, 1986-இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட இப்பகுதியில், பவளத்தை மட்டும் காத்துக் கடற்புல்லை அழியவிட்டால், இளமையைக் கழிக்க இடமின்றிக் கிளிமீன் குன்றும், அது குன்றினால் பாசி படர்ந்து பவளமும் க்ஷீணிக்கும் என்பதை உணர்ந்து, இரண்டையும் ஒருங்கே பேணுவது நமது கடமையாகும்.