தாயின் நினைவாக ஒரு சைக்கிள் பயணம்!

2 நாளில் 300 கிலோமீட்டர். திரளும் பணம் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு

அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் மாசசூசெட்ஸ் என்ற மாநிலம் இருக்கிறது. அதன் தலைநகரம் பாஸ்டன்.

ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில், ஒரு சனிக்கிழமை காலையில், அங்கே ஒரு பெரிய கூட்டம் கூடும். பொழுது விடிந்தும் விடியாததுமாக, ஆயிரக்கணக்கான பேர் சைக்கிளில் புறப்படுவார்கள். ஆண்களும் இருப்பார்கள், பெண்களும் இருப்பார்கள். தலை நரைத்தவர்களும் இருப்பார்கள்.

பலருடைய முதுகில் ஒரு புகைப்படம் குத்தப்பட்டு இருக்கும். சிலர் ஒரு பெயரை எழுதி ஒட்டியிருப்பார்கள். அது இறந்துபோன தாயின் பெயர். அல்லது தந்தையின் பெயர். அல்லது பிள்ளையின் பெயர்!

இது பந்தயம் அல்ல. முதலில் வருகிறவருக்குப் பரிசு கிடையாது. கடைசியில் வருகிறவருக்கும் கைதட்டல் உண்டு.

இந்தப் பயணத்தின் பெயர் "பான்-மாஸ் சேலஞ்ச்". மாசசூசெட்ஸ் மாநிலத்தைக் குறுக்கே கடக்கும் சவால் என்று பொருள்.

49 வயதில் மரணம்

இதைத் தொடங்கியவர் பில்லி ஸ்டார் என்ற இளைஞர்.

அவருடைய தாயார் பெயர் பெட்டி. 1974-ம் ஆண்டில் பெட்டி இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 49.

பெட்டிக்கு வந்தது "மெலனோமா". தோலில் வரும் புற்றுநோய்களில் மிகக் கொடியது இது. பார்ப்பதற்குச் சாதாரண மச்சம்போல இருக்கும். பிறகு உடம்புக்குள் பரவிவிடும்.

(மச்சம் திடீரென்று பெரிதானாலோ, நிறம் மாறினாலோ, அதில் இருந்து ரத்தம் கசிந்தாலோ உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். நம்மைப்போல மாநிறமாகவும் கறுப்பாகவும் இருப்பவர்களுக்கு, இந்த நோய் உள்ளங்காலிலும் நகத்துக்கு அடியிலும் வருவது உண்டு.)

தாயோடு துயரம் நிற்கவில்லை. இன்னும் இரண்டு உறவினர்களையும் பில்லி புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார்.

தாய் இறந்தால் மகன் என்ன செய்வான்? அழுவான். படத்துக்கு மாலை போடுவான். ஆண்டுக்கு ஒரு நாள் நினைத்துக்கொள்வான். பில்லி ஸ்டாருக்கு அது போதவில்லை. அவருக்கு உடலை வருத்தி நெடுந்தூரம் போவதில் பிரியம். "அந்தப் பிரியத்தையே அம்மாவுக்காகப் பயன்படுத்தினால் என்ன?" என்று யோசித்தார்.

36 பேர்

1980-ம் ஆண்டில் முதல் பயணம் நடந்தது. சேர்ந்தவர்கள் 36 பேர். எல்லாம் நண்பர்களும், நண்பர்களின் நண்பர்களும்தான்.

மாநிலத்தின் மேற்கே உள்ள ஸ்பிரிங்பீல்டு நகரில் புறப்பட்டார்கள். கிழக்குக் கோடியில், கடலுக்குள் நீட்டிக்கொண்டு இருக்கும் பிராவின்ஸ்டவுனுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தூரம் 220 மைல். அதாவது ஏறக்குறைய 350 கிலோமீட்டர்!

திரண்ட பணம் 10 ஆயிரத்து 200 டாலர். அதைப் பாஸ்டனில் உள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தார்கள்.

அந்தப் பயணம் அதோடு நிற்கவில்லை. ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது. இப்போது 6 ஆயிரம் பேருக்கு மேல் சைக்கிள் ஓட்டுகிறார்கள். சாப்பாடு போடவும், தண்ணீர் கொடுக்கவும், வழி காட்டவும் ஆயிரக்கணக்கான தொண்டர்கள் இருக்கிறார்கள்.

2024-ம் ஆண்டில் மட்டும் கிடைத்த தொகை 7½ கோடி டாலர். 1980-ல் இருந்து சேர்ந்த மொத்தத் தொகை அந்த ஆண்டில் 100 கோடி டாலரைத் தாண்டியது!

ஓட்டுகிறவர்கள் திரட்டும் பணத்தில் ஒரு காசுகூடச் செலவுக்கு எடுக்கப்படுவது இல்லை. 2007-ம் ஆண்டில் இருந்து இதுவே வழக்கம். சாப்பாடு, பந்தல் முதலிய செலவை நுழைவுக் கட்டணமும், உதவி செய்யும் கம்பெனிகளும் ஏற்றுக்கொள்கின்றன.

எளிதா?

இப்போது பல வழித்தடங்கள் இருக்கின்றன. மிகவும் பேர் பெற்றது, ஸ்டர்பிரிட்ஜ் என்ற ஊரில் இருந்து பிராவின்ஸ்டவுன் போகும் 2 நாள் பயணம். ஏறக்குறைய 300 கிலோமீட்டர். கிட்டத்தட்டச் சென்னையில் இருந்து திருச்சிக்குப் போகிற தூரம்!

முதல் நாளிலேயே 110 மைல் போக வேண்டும். அதாவது 175 கிலோமீட்டருக்கு மேல். சென்னையில் புறப்பட்டால் விழுப்புரத்தைத் தாண்டிவிடலாம். மறுநாள் காலையில், வலிக்கும் காலோடு மறுபடியும் சீட்டில் ஏறி உட்கார வேண்டும்.

இதில் சேருகிற பலர் ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள். சிறு வயதில் சைக்கிள் ஓட்டியதோடு சரி. அவர்களுக்குத் துணை பயிற்சி ஒன்றுதான்.

10 மைலில் தொடக்கம்

பாஸ்டன் பக்கத்தில் குளிர்காலத்தில் பனி கொட்டும். ரோட்டில் சைக்கிள் ஓட்ட முடியாது. ஆகையால் பலர் வீட்டுக்குள்ளேயே, நகராத சைக்கிளில் உட்கார்ந்து பெடலை மிதிப்பார்கள். வசந்தம் வந்து பனி உருகியதும் ரோட்டுக்கு வருவார்கள்.

முதலில் 10 மைல் அல்லது 15 மைல். அதற்கே மூச்சு வாங்கும். வாரத்துக்கு மூன்று நான்கு நாள் ஓட்டுவார்கள். அதில் ஒரு நாள் மட்டும் நீண்ட தூரம். அந்தத் தூரத்தை வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். இந்த வாரம் 30 மைல் என்றால், அடுத்த வாரம் 33 மைல். ஒரேயடியாகக் கூட்டினால் முழங்கால் கெட்டுவிடும்.

ஓய்வும் பயிற்சியில் சேர்ந்ததுதான். உழைத்த தசை ஓய்வில்தான் பலம் பெறுகிறது. நாள் தவறாமல் ஓட்டுகிறவன் கடைசியில் படுத்துவிடுவான்.

ஜூலை மாதம் வந்ததும் இன்னொரு பயிற்சி உண்டு. சனிக்கிழமை நெடுந்தூரம், ஞாயிற்றுக்கிழமையும் நெடுந்தூரம். களைத்த காலோடு ஓட்டுவது எப்படி என்று உடம்புக்குக் கற்றுக்கொடுப்பதற்காக இப்படிச் செய்கிறார்கள். பயணத்துக்கு முந்தின வாரம் பயிற்சியைக் குறைத்துவிடுவார்கள்.

சீட்டும் கியரும்

சீட்டின் உயரம் மிக முக்கியம். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் கொஞ்சமே மடங்கி இருக்க வேண்டும். சீட் தாழ்வாக இருந்தால் முழங்கால் வலிக்கும். உயரமாக இருந்தால் இடுப்பு வலிக்கும்.

புதிதாக ஓட்டுகிறவர்கள் கனமான கியரைப் போட்டு, முக்கி முக்கி மிதிப்பார்கள். அது தவறு. இலேசான கியரில், நிமிடத்துக்கு 80, 90 சுற்று மிதித்தால் கால் சீக்கிரம் ஓயாது. மேடு வருவதற்கு முன்பே கியரை மாற்றிவிட வேண்டும்.

பஞ்சர் ஒட்டவும், டியூப் மாற்றவும் தெரிந்திருக்க வேண்டும். கையில் ஒரு மாற்று டியூப்பும் சின்னப் பம்பும் இருக்க வேண்டும். கூட்டத்தோடு போகும்போது திடீரென்று பிரேக் போடக்கூடாது. பின்னால் வருகிறவர்கள் மேலே வந்து விழுவார்கள்! பள்ளம் வந்தால் கையால் காட்ட வேண்டும். குரலும் கொடுக்க வேண்டும். ஹெல்மெட் இல்லாதவருக்கு இந்தப் பயணத்தில் இடம் இல்லை.

பசிக்கும் முன்பே சாப்பாடு

நெடுந்தூரம் ஓட்டுகிறவனை வீழ்த்துவது பசிதான். 2 மணி, 3 மணி நேரம் ஓட்டியபிறகு, உடம்பில் சேமித்து வைத்த சர்க்கரைச் சத்து தீர்ந்துவிடும். அப்போது கால் நகராது. தலை சுற்றும். கண் இருட்டும். 5 நிமிடத்துக்கு முன்பு சிரித்துப் பேசிக்கொண்டு வந்தவர், ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்துவிடுவார்!

ஆகையால் பசிப்பதற்கு முன்பே சாப்பிட வேண்டும். தாகம் எடுப்பதற்கு முன்பே குடிக்க வேண்டும். வாழைப்பழம், ரொட்டி, உலர்ந்த திராட்சை ஆகியவை நல்லது. ஆகஸ்டு வெயிலில் வியர்வையோடு உப்பும் போய்விடும். வெறும் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் ஆபத்து. உப்பும் சேர வேண்டும்.

பயணத்து அன்று புதிதாக எதையும் சாப்பிடக்கூடாது. எது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும் என்பதைப் பயிற்சியின்போதே பார்த்துக்கொள்வார்கள்.

கை நீட்டுவது

கால் வலி ஒரு பக்கம் இருக்கட்டும். பலருக்கு அதைவிடக் கஷ்டமானது, பணம் கேட்பதுதான்.

ஒவ்வொருவரும் இவ்வளவு பணம் திரட்டுவேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்க வேண்டும். 2 நாள் பயணத்துக்கு அது சில ஆயிரம் டாலர். அவ்வளவு திரட்ட முடியவில்லை என்றால், குறைந்த தொகையை அவரே தன் கைப்பணத்தில் இருந்து கட்ட வேண்டும்!

உறவினருக்கும், நண்பருக்கும், உடன் வேலை பார்ப்பவருக்கும் கடிதம் எழுதுவார்கள். "என் தாய் இந்த நோயால் இறந்தார். அவர் நினைவாக 2 நாள் சைக்கிள் ஓட்டப்போகிறேன். உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்" என்று கேட்பார்கள்.

அந்தக் கடிதத்தை எழுதும்போதுதான், பலர் தாயின் கடைசி நாட்களைப் பற்றி முதன்முதலாக வாய் திறக்கிறார்கள். பதிலுக்கு, "என் தகப்பனாரும் இப்படித்தான் போனார்" என்று எழுதிப் பணம் அனுப்புகிறவர்களும் உண்டு. துக்கத்தைப் பங்கு போட்டுக்கொள்ள இதுவும் ஒரு வழி.

"ஜிம்மி" யார்?

இந்தப் பணம் போய்ச் சேரும் இடம், பாஸ்டனில் உள்ள டேனா-பார்பர் புற்றுநோய் நிலையம். இதைத் தொடங்கியவர் சிட்னி பார்பர் என்ற டாக்டர். ஆண்டு 1947.

1948-ம் ஆண்டு மே மாதம், பார்பரிடம் சிகிச்சை பெற்ற 12 வயதுப் பையன் ஒருவன் ரேடியோவில் பேசினான். உண்மைப் பெயரை மறைத்து, அவனை "ஜிம்மி" என்று அழைத்தார்கள். பாஸ்டனின் பேஸ்பால் வீரர்கள் அவன் படுக்கை அருகே வந்து நின்றார்கள். ஆட்டத்தைப் பார்க்க ஒரு டெலிவிஷன் வேண்டும் என்று ஆசைப்பட்டான் சிறுவன். அதைக் கேட்ட மக்கள் 2 லட்சம் டாலருக்கு மேல் அனுப்பிவிட்டார்கள்! அதுதான் "ஜிம்மி நிதி".

பையன் என்ன ஆனான் என்று யாருக்கும் தெரியவில்லை. இறந்திருப்பான் என்றே பலரும் நினைத்தார்கள். 1998-ம் ஆண்டில், "நான்தான் அந்த ஜிம்மி" என்று ஒருவர் வெளியே வந்தார். அவர் பெயர் ஐனார் குஸ்டாப்சன். லாரி ஓட்டிப் பிழைத்தவர். பேரன் பேத்தி எடுத்தவர்! 2001-ம் ஆண்டு வரை வாழ்ந்தார்.

சென்னையில் படித்த மேதை

டாக்டர் பார்பரின் வெற்றியில் நம் நாட்டவர் ஒருவருக்கும் பங்கு உண்டு. அவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-ம் ஆண்டில், ஆந்திராவில் உள்ள பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

அவருடன் பிறந்த சகோதரர் ஒருவர், "ஸ்ப்ரூ" என்ற வயிற்று நோயால் இறந்தார். அந்தத் துயரம் அவர் மனதை விட்டு நீங்கவில்லை. 1923-ல் பாஸ்டனுக்குப் போனார். பிறகு ஒரு மருந்துக் கம்பெனியில் ஆராய்ச்சித் தலைவர் ஆனார். அவருடைய குழுவினர் "போலிக் அமிலம்" என்ற சத்தைச் செயற்கையாகச் செய்தார்கள். ஸ்ப்ரூ நோய்க்கு அது மருந்து ஆயிற்று. இன்று கர்ப்பிணிப் பெண்களுக்குக் கொடுக்கும் மாத்திரையில் இருப்பதும் அதுதான்.

அந்தச் சத்தைத் தடுக்கும் "அமினாப்டெரின்" என்ற மருந்தும் அவர்களிடம் இருந்தே பார்பருக்குக் கிடைத்தது. ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்கு அதைக் கொடுத்தார் பார்பர். 10 குழந்தைகளுக்கு நோய் தணிந்தது. சில மாதங்களில் நோய் திரும்பியது என்றாலும், மருந்தால் இந்த நோயை அடக்கலாம் என்பது உலகத்துக்குத் தெரிந்தது. 1948-ம் ஆண்டு ஜூனில் அந்தச் செய்தி வெளியாயிற்று. ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார்.

குழந்தைகளுக்கு வரும் அந்த ரத்தப் புற்றுநோய், அந்தக் காலத்தில் மரண தண்டனை. இன்று அமெரிக்காவில் 10 குழந்தைகளுக்கு ஏறக்குறைய 9 பேர் பிழைக்கிறார்கள்.

கடற்கரையில் முடிவு

முதல் நாள் இரவு, கால்வாய்க் கரையில் உள்ள போர்ன் என்ற ஊரில் தங்குவார்கள். மறுநாள் கால்வாயைத் தாண்டினால் கேப் காட். மடக்கிய கையைப்போலக் கடலுக்குள் நீண்டிருக்கும் நிலம் அது. கடற்காற்று எதிர்த்து அடிக்கும். ஒருவர் முன்னால் போய்க் காற்றைத் தாங்கிக்கொள்ள, மற்றவர்கள் அவர் பின்னாலேயே போவார்கள். முன்னால் போகிறவர் களைத்தால், இன்னொருவர் அந்த இடத்துக்கு வருவார்.

வழி நெடுகிலும் மக்கள் நிற்பார்கள். அவர்களில் புற்றுநோயில் இருந்து பிழைத்தவர்களும் இருப்பார்கள். கையில் அட்டை பிடித்து நன்றி சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெறும் குழந்தைகள், தங்கள் பெயரால் ஓட்டும் குழுவினரைப் பார்க்க வந்திருப்பார்கள். அந்த முகங்களைப் பார்த்த பிறகு, கால் வலிக்கிறது என்று யாராவது சொல்வார்களா?

பெரியவர்களைப் பார்த்துப் பிள்ளைகளும் கிளம்பிவிட்டார்கள். சிறுவர் சிறுமியருக்கு என்றே தனியாகச் சைக்கிள் பயணங்கள் நடக்கின்றன. அக்கம்பக்கத்து வீடுகளிலும், தாத்தா பாட்டியிடமும் கேட்டுச் சில டாலர்களைச் சேர்க்கிறார்கள். தங்கள் சின்னச் சைக்கிளில் சில தெருக்களைச் சுற்றி வருகிறார்கள். அந்தக் காசும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறது!