சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணமா?

பொம்மை விமானத்துக்கும் ரயிலுக்கும் நுணுக்க உதிரிகள் வாங்கலாமா?

தீபாவளி நெருங்கிவிட்டால் புனே நகரின் சந்துகளிலும் குடியிருப்பு முற்றங்களிலும் கோட்டைகள் எழும்பிவிடும். செங்கல், கோணிச் சாக்கு, செம்மண் கொண்டு பிள்ளைகள் கட்டும் ‘கில்லா’ அது. ராஜகட், பிரதாப்கட், சிங்ககட் என்று ஆளுக்கொரு கோட்டை. சரிவில் கடுகைத் தூவித் தண்ணீர் தெளித்தால் நான்கு நாளில் காடு தயார். உச்சியில் அமரும் சிவாஜி மகாராஜாவும், ஈட்டி பிடித்த மாவளா வீரர்களும் மட்டும் கடையிலிருந்து வருவார்கள்.

ராஸ்தா பேட்டையிலும் கட்கியிலும் தேகு ரோட்டிலும் வசிக்கும் தமிழர்களுக்கு இது புதிதல்ல. நம் வீட்டுக் கொலுவிலும் அதே கணக்குத்தானே! பொம்மை கடையில் வாங்கியது; பூங்காவும் குளமும் வீட்டில் செய்தது. அண்மைக் காலமாக முழுக் கோட்டையே தயாராக விற்பனைக்கு வருகிறது. கடையிலிருந்து எவ்வளவு வரலாம், கையால் எவ்வளவு செய்யவேண்டும் என்ற கேள்வி அப்போது எழுகிறது.

பிளாஸ்டிக் விமானம், டாங்கி, ரயில் ஆகியவற்றின் சிறு மாதிரிகளைக் கட்டுவோரிடையே இதே கேள்வி பெரிய வழக்காகவே நடந்து வருகிறது. அங்கே ரசீதின் தொகையும் சற்றுப் பெரிது.

பெட்டிக்கு மேல் பெட்டி

விஷயம் இதுதான். விமான மாதிரி ஒன்றின் ‘கிட்’ பெட்டியில் ஒட்டுவதற்கான எல்லாப் பாகங்களும் இருக்கும். ஆனால் உருக்கிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சில் அழுத்தி வார்ப்பதால், பாகங்களை ஓர் அளவுக்கு மேல் மெல்லியதாக்க முடிவதில்லை. அச்சிலிருந்து கழன்று வரவேண்டும் என்பதால் உட்குழிவுகளும் அமைவதில்லை. 72-ல் ஒரு பங்கு அளவுள்ள மாதிரியில் 1 மில்லிமீட்டர் தடிமன் என்றால், அசல் விமானத்தில் அது 7 சென்டிமீட்டருக்கும் மேல்! விமானத் தகடா, வீட்டுக் கதவா என்று கேட்கத் தோன்றும்.

இந்தக் குறையைத் தீர்க்கவே வேறு கம்பெனிகள் தனியாக உதிரிகள் செய்து விற்கின்றன. பெல்ஜியத்தின் வெர்லிண்டன் ரெசின் வார்ப்புகளால் பெயர் பெற்றது. 1989-ல் தொடங்கிய செக் நாட்டு எடுவார்ட் கம்பெனி பித்தளைத் தகடுகளால் உலகமெங்கும் அறியப்பட்டது. இப்போது முப்பரிமாண அச்சில் எடுத்த உதிரிகளும் சந்தைக்கு வந்துவிட்டன.

பித்தளைத் தகடு தயாராகும் விதம் பழைய அச்சகத் தொழிலாளர்களுக்கு நன்கு தெரிந்ததே. பத்திரிகைப் படத்துக்குத் துத்தநாகத்தில் ‘பிளாக்’ எடுத்த அதே தத்துவம். தகட்டின் மேல் ஒளிபடும் ரசாயனம் பூசி, பிலிம் வைத்து ஒளி பாய்ச்சி, வேண்டாத இடத்தை அமிலத்தில் அரித்து எடுப்பார்கள். ரெசின் உதிரிகளோ சிலிக்கோன் ரப்பர் அச்சில் வார்ப்பவை. ரப்பர் வளைந்து கொடுப்பதால் உட்குழிவும் நன்றாக விழும்.

எல்லாம் சரி. கிட் ஒரு விலை. இருக்கை, சக்கரம், தகடு, சின்னம் என்று சேர்த்தால் உதிரிகளின் விலை கிட்டையே தாண்டிவிடுவது சகஜம். நம் நாட்டில் சுங்க வரியும் சேர்ந்துகொள்கிறது. அளவு மாதிரிகள் சுங்க அட்டவணையில் பொம்மைகளுடன் ஒரே தலைப்பில் இடம்பெறுபவை. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023 பட்ஜெட்டில் 70 ஆகவும் உயர்ந்தது. சம்பளக்காரர் வீட்டில் பையனோ, ஓய்வு பெற்ற தாத்தாவோ இந்தப் பொழுதுபோக்கில் இறங்கினால், மளிகைக் கணக்குக்கு அடுத்த வரியில் இதையும் எழுதவேண்டி வரும்.

கண் சொல்லும் கணக்கு

எது தேவை, எது வீண் என்று தீர்மானிக்க ஓர் எளிய அளவுகோல் இருக்கிறது. நல்ல பார்வையுள்ள கண், 30 சென்டிமீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் அளவைப் பிரித்தறியும். ஒரு மீட்டர் தள்ளி நின்றால் அது 0.3 மில்லிமீட்டர், இரண்டு மீட்டரில் 0.6 மில்லிமீட்டர்.

இதைச் சோதித்துப் பார்க்கப் புனேயிலேயே ஓர் இடம் உண்டு. கோத்ருட் பகுதியில், கார்வே ரோட்டில் உள்ள ஜோஷி சிற்றுரு ரயில் அருங்காட்சியகம் அது. பாவுசாகேப் ஜோஷியின் வாழ்நாள் ஆசையில் உருவாகி, 1998-ல் திறக்கப்பட்டது. ஒரு முழு நகரமே மேடை மேல் பரந்திருக்கிறது. நீராவி வண்டியும் அதிவேக வண்டியும் ஓடுகின்றன, சிக்னல்கள் மாறுகின்றன, மேம்பாலம், விளக்குக் கம்பம், வேலி, சர்க்கஸ் எல்லாம் உண்டு. விளக்கணைத்து இரவுக் காட்சி வரும்போது குழந்தைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் வாய் பிளந்து நிற்பதைக் காணலாம்.

பார்வையாளர் அங்கே மேடையிலிருந்து தள்ளியே நிற்கிறார். சிற்றுரு ரயில்களில் உலகெங்கும் அதிகம் புழங்குவது 87-ல் ஒரு பங்கு அளவு. அந்த அளவில் இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து பார்த்தால், அசலில் 5 சென்டிமீட்டருக்குக் குறைவான எதுவும் தெளிவாகத் தெரியாது. கம்பத்தின் திருகாணியும் ஜன்னலின் தாழ்ப்பாளும் அங்கே காசுக்குப் பிடித்த கேடு. சிக்னலின் நிறமும், கம்பங்களின் வரிசையும், ஓட்டத்தின் ஒழுங்கும்தான் பார்ப்பவரைப் பிடித்து நிறுத்துகின்றன.

மேஜையில் வைத்துக் கையில் எடுத்துப் பார்க்கும் விமானத்துக்குக் கணக்கு வேறு. அங்கே சில உதிரிகள் கொடுத்த விலைக்கு உழைக்கும், பல உழைக்காது.

நாட் விமானம் சொல்லும் பாடம்

இந்திய விமானப் படையின் ‘நாட்’ விமானத்தை எடுத்துக்கொள்வோம். 1965 போரில் புகழ் பெற்றது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் நிர்மல் ஜித் சிங் செகோன் பறந்து போரிட்டு, வீரமரணத்துக்குப் பின் பரமவீர சக்கரம் பெற்றதும் நாட் விமானத்தில்தான். பெங்களூர் எச்.ஏ.எல். தொழிற்சாலையில் தயாரானது என்பதால் தென்னாட்டவருக்குத் தனிப் பாசம்.

ஆனால் ஏர்பிக்ஸ் கம்பெனியின் பழைய நாட் கிட், பிரிட்டிஷ் படையின் இரட்டை இருக்கைப் பயிற்சி ரகம். நம் படை ஓட்டியதோ ஒற்றை இருக்கைப் போர் ரகம். உடல் வேறு, மேல் கண்ணாடி வேறு. இப்படிப்பட்ட இடத்தில் மாற்று உடற்பாகம் வாங்குவது ஆடம்பரம் அல்ல. அது இல்லாவிட்டால் செகோனின் விமானம் என்று சொல்லிக்கொள்ளவே முடியாது.

சின்னங்களும் அப்படித்தான். வெளியே காவி, நடுவே வெள்ளை, உள்ளே பச்சை என்ற நம் விமானப் படையின் வட்டச் சின்னத்தை, சில மில்லிமீட்டர் அகலத்தில் தூரிகையால் வரைய எத்தனை பேரால் முடியும்? நீரில் நனைத்து ஒட்டும் ‘டெக்கால்’ தாளை வாங்குவதே புத்திசாலித்தனம். நகம் அளவு வட்டம்தான். ஆனால் அறைக்குள் நுழைபவர் கண்ணில் முதலில் படுவது அதுவே. புனே மழைக்காலத்தில் அந்தத் தாளைக் காற்றுப் புகாத உறையில் வைக்க மறக்கக்கூடாது. ஈரம் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

அதே விமானத்துக்கு விமானி அறைப் பித்தளைத் தொகுப்பு வாங்கலாமா? 72-ல் ஒரு பங்கு நாட் சுமார் 12 சென்டிமீட்டர் நீளம்தான். அதன் மேல் கண்ணாடியை மூடிவிட்டால் உள்ளே தெரிவது ஓர் இருட்டுக் குழி. அரை நாள் செலவழித்துச் சாமணத்தால் வளைத்து ஒட்டிய மிதிகட்டைகள், ஒட்டியவர் நினைவில் மட்டுமே இருக்கும். கண்ணாடியைத் திறந்து வைப்பதானால் இருக்கைப் பட்டிகள் மட்டும் போதும்.

இன்னொரு குறையும் உண்டு. அரித்தெடுத்த தகடு தட்டையானது. பட்டி, வலை, சிறு மூடி போல அசலிலேயே தட்டையான பொருளுக்கு அது பொருந்தும். நெம்புகோல், குழாய் போன்ற உருண்டைப் பொருளுக்குப் பித்தளைத் தகடு ஒட்டினால், கிட்டில் வந்த பிளாஸ்டிக்கே மேல் என்றாகிவிடும். இதைத் தெரியாமல் பெட்டியில் வந்த நல்ல பாகத்தை வெட்டி எறிந்துவிட்டுத் தட்டை உதிரியை ஒட்டுவோர் ஏராளம்.

வீட்டிலேயே கிடைப்பவை

ஊசி மருந்துக்கடையில் விற்கும் சிரிஞ்சின் ஊசி, முனையை அராவி நேராக்கினால், இயந்திரத் துப்பாக்கிக் குழல். மாத்திரை அட்டையின் ஈயத்தாளை நறுக்கினால் இருக்கைப் பட்டி. கிட்டின் சட்டத்தை மெழுகுவர்த்திச் சுடரின் மேல் காட்டி, இளகியதும் இழுத்தால் தலைமுடி போன்ற கம்பி. ஆண்டெனாவுக்கு அதைவிட உயர்ந்தது விலைக்கும் கிடைக்காது. புத்வார் பேட்டையில் மின்சாமான் கடைகள் நெருங்கிய தப்கீர் கல்லியில் மெல்லிய செம்புக் கம்பி வாங்கினால், பிரேக் குழாய்களுக்குப் பல வருஷம் வரும்.

ரெசின் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதைத் தேய்க்கும்போது பறக்கும் தூசு நுரையீரலுக்கு ஆகாது. உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும்; முகமூடியும் அவசியம். பிளாஸ்டிக் பசை ரெசினையும் பித்தளையையும் ஒட்டாது. அதற்கு உடனடிப் பசை வேண்டும். அது விரலையும் சேர்த்து ஒட்டும்.

டாங்கி கட்டுவோர் கடைசல் உலோகக் குழல் வாங்குவதில் நியாயம் இருக்கிறது. பிளாஸ்டிக் குழல் பெரும்பாலும் இரண்டு பாதியாக வரும். ஒட்டி, விளிம்பைத் தேய்த்தால் வட்டம் முட்டையாகிவிடும். ஆனால் வாங்கும் முன் அசலைப் பார்த்துவிடுவது நல்லது. புனே கன்டோன்மென்டில், 1998-ல் திறக்கப்பட்ட தென் பிராந்திய ராணுவப் போர் நினைவகத்தில், 2009-ல் பணியிலிருந்து விடைபெற்ற மிக்-23 ரக விமானம் ஒன்றும், நம் ஆவடியில் தயாரான விஜயந்தா ரக டாங்கி ஒன்றும் நிற்கின்றன. விஜயந்தாவின் பீரங்கி 105 மில்லிமீட்டர். 35-ல் ஒரு பங்கு மாதிரியில் அதன் வாய் சரியாக 3 மில்லிமீட்டர். குழல் உருண்டையாகத் தேறிவிட்டால், அந்த வாயைத் திறக்க ஹார்டுவேர் கடையில் ஒரு 3 மில்லிமீட்டர் துளையூசி வாங்கினால் ஆயிற்று.