கோச்சி ஏறியவர்களும் விமானம் ஏறியவர்களும்

இலங்கை மலையகச் சிறுகதைகளில் கணவன் மனைவி பிணக்கானாலும் அண்ணன் தம்பி விரோதமானாலும், இருவருக்கும் நடுவில் மூன்றாவது ஆளாகத் தேயிலைத் தோட்டம் நிற்கும். நுவரெலியாவிலும் அட்டனிலும் உறவு முறிந்ததற்கு மனக்கசப்பு மட்டுமே காரணமாக இருந்ததில்லை. அன்றைய கதைகளையும் இன்றைய கதைகளையும் அடுத்தடுத்துப் படித்தால், அந்த மூன்றாவது ஆளின் முகம் எப்படி மாறியிருக்கிறது என்பது தெரியும்.

அன்று அந்த முகம் லயத்துக் காம்பரா. ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. அடுப்பு, விறகு, வயதான தாய் தகப்பன், வயசுக்கு வந்த மகள், புதிதாய்க் கல்யாணமான மகன், எல்லாம் அதற்குள்தான். தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ இந்த நெருக்கடியில் பிறந்த கதை. இன்னொரு காம்பரா கிடைத்திருந்தால் அந்தக் குடும்பம் அப்படிக் கூனிக்குறுக வேண்டி வந்திருக்காது. என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ கதையில், அதிகமாகக் கொழுந்து பறித்ததற்காகவே ஓர் இளம்பெண் மீது சந்தேகம் விழுகிறது. அவளுடைய உழைப்போடு அவளுடைய காதலும் தராசில் ஏற்றப்படுகிறது.

அதைவிடக் கொடியது சட்டம் செய்த பிரிவு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. விண்ணப்பத்தில் யார் எந்த நாட்டைக் கேட்டார் என்பதைப் பொறுத்துக் குடும்பங்கள் பிளந்தன. மூத்தவன் இந்தியாக்காரன் ஆனான், இளையவன் இங்கே தங்கினான். அட்டன் ஸ்டேஷனில், தலைமன்னாருக்குப் போகிறவர்களின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதவர்கள், செத்த வீட்டு ஒப்பாரியையே அங்கும் வைத்தார்கள். அந்த ரயிலுக்கு மக்கள் இட்ட பெயர்தான் மு. சிவலிங்கத்தின் ‘ஒப்பாரிக் கோச்சி’ தொகுப்புக்குத் தலைப்பாயிற்று.

1984இல் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம் போன கப்பல் நின்றது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கொடுத்தது. ஏழு பேர்ச்சஸ் காணியில் சிலருக்குத் தனி வீடும் கிடைத்திருக்கிறது. பலர் இன்னும் லயத்தில்தான். இன்று யாரையும் எந்த ஒப்பந்தமும் நாடு கடத்துவதில்லை. ஆனாலும் வீடு பிரிகிறது.

இப்போது பிரிப்பது கூலி. தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கே 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அடுத்த வருடமே சாமான் விலை அதை விழுங்கிவிட்டது. பையன்கள் கொழும்புக் கடைகளுக்குப் போகிறார்கள். அம்மாமார் சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டுவேலைக்குப் போகிறார்கள். பிள்ளை அப்பாயியிடம் வளர்கிறது. வீடியோ கோல் வரும்போது அப்பாயி பிள்ளையை இழுத்து முன்னால் உட்கார வைக்கிறாள்: “அம்மாகூடப் பேசுடா.” அவன் “சாப்பிட்டீங்களா” என்று கேட்டுவிட்டு, அடுத்து என்ன கேட்பதென்று தெரியாமல் அப்பாயி முகத்தைப் பார்க்கிறான். அம்மா அனுப்பிய காசு சாராயத்துக்குப் போனது, ஊர் திரும்பிய பிறகுதான் அவளுக்குத் தெரியவருகிறது. கோச்சியில் போனவர்களுக்காக ஊரே கூடி அழுதது. விமானம் ஏறியவளுக்கு அப்படி அழ ஆளில்லை. “பிள்ளைய விட்டுட்டுப் போனவ” என்ற பேச்சுத்தான் காத்திருக்கிறது.

எழுத்தில் நடந்த பெரிய மாற்றமும் இந்தப் பெண்களைப் பற்றியதுதான். முன்பு பெரும்பாலும் ஆண்களே எழுதினார்கள். கதையில் எதிராளி துரை, கங்காணி, கணக்கப்பிள்ளை. வீட்டில் கைநீட்டும் புருஷனை வறுமையின் பேரால் மன்னித்த கதைகள் உண்டு. பிரமிளா பிரதீபன் போன்றவர்கள் எழுத வந்தபின், கொழுந்து பறித்தவளின் மகள்களே பேசுகிறார்கள். அவர்கள் கதைகளில் தோட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து வீட்டுக்காரனும் பதில் சொல்லியாக வேண்டும்.

வீட்டு விவகாரத்தை இப்படி எழுதுவதால் சமூகத்தின் மானம் போகிறது என்று வருந்துவோர் இருக்கிறார்கள். அந்த வருத்தத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டு நூற்றாண்டாக இம்மக்களின் வீட்டுக்குள் என்ன நடக்க வேண்டும் என்பதை வெளியார்தான் முடிவு செய்தார்கள். தன் வீட்டைத் தானே விசாரிக்கிற தைரியம் இப்போதுதான் வந்திருக்கிறது. அதற்காகத் தோட்டத்தின் மீதும் சட்டத்தின் மீதும் உள்ள கணக்கைத் தள்ளுபடி செய்யவும் வேண்டாம். இரண்டு கணக்கையும் ஒரே கதையில் எழுதுகிறவர்களே இராமையாவுக்கும் ஜோசப்புக்கும் உண்மையான வாரிசுகள்.