மதர்போர்டுக்குப் பணம் கட்டுமுன் காரணம் கேளுங்கள்

கல்லூரி விண்ணப்பத்தின் நான்காம் பக்கம். அண்ணன் மகள் மதிப்பெண்களை அடித்துக்கொண்டிருந்தாள், மடிக்கணினியின் திரை பட்டென்று அணைந்தது. "அத்தை, திரும்பவும் தூங்கிடுச்சு!" பட்டனை அழுத்தினால் விழிக்கும், ஐந்து நிமிடத்தில் மறுபடி இருட்டு. ரிப்பேர் கடையில் கொடுத்தோம். மறுநாள் போன் வந்தது: "மதர்போர்டு போயிடுச்சும்மா, பதினாலாயிரம் ஆகும்." எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். நேரான பதில் வரவில்லை. வேலை செய்ய வேண்டாம் என்று சொல்லித் திருப்பி வாங்கிவந்தோம்.

பதில் கணினிக்குள்ளேயே இருந்தது. தூங்கப் போகும்போது விண்டோஸ் அந்த நேரத்தையும் காரணத்தையும் குறித்துவைக்கிறது. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்தால் 'ஈவன்ட் வியூவர்' வரும். அதில் 'விண்டோஸ் லாக்ஸ்', அதற்குள் 'சிஸ்டம்'. அங்கே 'கெர்னல் பவர்' என்ற பெயரில் 42ஆம் எண் பதிவைத் தேடுங்கள். புதிய மாடல்கள் பலவற்றில் அது 506 என்று இருக்கும். 41 என்று இருந்தால் அது தூக்கமே அல்ல. கரன்ட் போயோ, கணினி உறைந்தோ, முறையாக மூடாமல் நின்றுபோயிருக்கிறது. அது வேறு கதை.

எங்கள் பதிவில் காரணம் 'பட்டன் ஆர் லிட்' என்றிருந்தது. பவர் பட்டனை அழுத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் மூடியை மூடியிருக்க வேண்டும். நாங்கள் இரண்டையும் செய்யவில்லை. மூடி மூடப்பட்டதைப் பல மடிக்கணினிகள் ஒரு காந்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்கின்றன. திரை விளிம்பில் சின்னக் காந்தம், கீபோர்டு பக்கம் அதை உணரும் ஹால் சென்சார். வேறு எந்தக் காந்தம் அந்த இடத்துக்கு வந்தாலும் கணினி ஏமாந்துபோகும். அவள் இடக்கையில் வலைப்பின்னல் பட்டை போட்ட வாட்ச் கட்டியிருந்தாள். அதன் காந்தக் கொக்கி மணிக்கட்டின் அடியில், டைப் அடிக்கும்போது டச்பேடின் இடப்பக்கம் உரசிக்கொண்டிருந்தது. கழற்றிவைத்தாள், ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியது. கொக்கியை எடுத்து அதே இடத்தில் வைத்துப் பார்த்தேன். திரை அணைந்தது. காந்தம் வைத்த போன் கவரும் இதைச் செய்யும்; ஒரு மடிக்கணினியின் மேல் இன்னொன்றை வைத்து வேலை பார்ப்பதும் செய்யும்.

பதிவில் 'சிஸ்டம் ஐடில்' என்று இருந்தால் செட்டிங்ஸில் பவர் பகுதிக்குப் போய்த் தூங்கும் நேரத்தைக் கூட்டினாலே பெரும்பாலும் போதும். 'பேட்டரி' என்று இருந்தால் பேட்டரி தேய்ந்திருக்கலாம். 30 சதவீதம் காட்டிக்கொண்டே சட்டென்று அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். இதில் அலட்சியம் கூடாது. டச்பேடு மேலெழும்பி நின்றாலோ, மூடி சரியாகப் படியாவிட்டாலோ பேட்டரி உப்பியிருக்கக்கூடும். உடனே சார்ஜரைப் பிடுங்குங்கள். அமுக்கவோ குத்தவோ வேண்டாம், தீப்பிடிக்கும். குப்பைத்தொட்டியிலும் போடாதீர்கள்.

எல்லாம் பார்த்தும் தீரவில்லை என்றால் கடைக்குத்தான் போக வேண்டும். போகுமுன் முக்கியமான கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டில் எழுதி ஒட்டிக் கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள். உங்கள் எதிரிலேயே திறந்து காட்டச் சொல்லலாம். பழுது என்ன, எப்படிக் கண்டுபிடித்தார்கள், எவ்வளவு ஆகும் என்பதை ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். கேட்கக் கூச்சப்பட்டுத்தான் நம்மில் பலர் ஆயிரக்கணக்கில் இழக்கிறோம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இதில் நமக்குத் துணை. பில் தர மறுப்பதும், நம்பிக் கொடுத்த தனிப்பட்ட விவரங்களைச் சட்டத்துக்குப் புறம்பாக அடுத்தவரிடம் சொல்வதும் அச்சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. அரைகுறையாகப் பார்த்த வேலை சேவைக் குறைபாடு. வாரன்டி காலத்தில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டியதைச் செய்ய மறுத்தாலும் அப்படியே. சொந்தப் பிழைப்புக்காக டிடிபி வேலை செய்பவர் வாங்கிய கணினிக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். பில், ஜாப் ஷீட் இரண்டோடு, கணினியை ஒப்படைக்கும் முன்பே அந்த 42 அல்லது 506ஆம் எண் பதிவையும் தேதி நேரம் தெரியப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.